வேற்றுக்கோளில் தாய்மாமன் யார்?

தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிற, எழுத உட்கார்ந்திருக்கிற நண்பர்களுக்கு,



உங்கள் கதைகளில் வேற்றுக்கோள்வாசிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல விஷயம். ஆறு கை, மூன்று பால், ஒளியால் பேசும் தோல், முட்டையிடும் அரசன் என்று உடம்பு விஷயத்தில் யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஆனால் அந்த ஆறு கைக்காரர் வேலை முடிந்து வீடு திரும்பினால், சமையலறையிலிருந்து ஆறு கை அம்மா ஒருத்தி டம்ளரோடு வருகிறாள். மூத்தவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அப்பா பேப்பர் படிக்கிறார். மாம்பலத்து வீட்டைப் பெயர்த்தெடுத்து வேறு சூரியனுக்கடியில் வைத்தது போல இருக்கிறது.

இந்த மடல் கேட்பது ஒன்றுதான். உடம்பைக் கற்பனை செய்த கையோடு உறவையும் கற்பனை செய்யுங்கள். பிள்ளை யாருடையது, யார் யாருக்கு என்ன முறை, யார் வீட்டுக்குள் யார் உரிமையோடு செருப்பைக் கழற்றிவிட்டு நுழையலாம், யாரை வாசலோடு அனுப்புவார்கள்? வேற்றுக்கோள் கதையில் பாலினம் சுவாரசியமாவது இந்த இடத்தில்தான். உடலுறவுக் காட்சியில் அது பாதிகூடத் தெரியாது.

இதில் பெரிய கைகளே வழுக்கியிருக்கின்றன. ஐசக் அசிமோவ் 1972ல் எழுதிய ‘தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்’ நாவலின் நடுப்பகுதி நம்முடையதற்கு இணையான இன்னொரு பிரபஞ்சத்தில் நடக்கிறது. அங்கே பால் மூன்று. அறிவுக்கென்று ஒன்று, உணர்ச்சிக்கென்று ஒன்று, பெற்று வளர்ப்பதற்கென்று ஒன்று. மூன்றும் உருகி ஒன்றாகக் கலந்தால்தான் பிள்ளை. ஓடீன், டூவா, டிரிட் என்ற மூவரும் அப்படி ஒரு குடும்பம். உடலை இவ்வளவு துணிச்சலாக யோசித்த அசிமோவ், குணத்தைப் பங்கு போடும்போது ஐம்பதுகளின் அமெரிக்க வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். ஓடீனுக்குப் படிப்பே உலகம். டூவாவின் பாலைச் சேர்ந்தவர்கள் வெயில் காய்ந்துகொண்டு ஊர்வம்பு பேசுகிறார்கள். பிள்ளை வளர்ப்பை ‘அவன்’ பொறுப்பில் கொடுத்தது மட்டும் புதுசு. டூவா அந்த வட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் கதையைக் காப்பாற்றுகிறது. ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதுகளும் கிடைத்த நாவல் இது. கிடைத்ததில் தப்பில்லை. ஆனால் மூன்றாவது பால் ஒன்றைச் சேர்த்துவிட்டால் சமூகம் தானாக மாறிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதற்கு மூன்று வருடம் முன்பே வந்துவிட்டது உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’. 1969. உங்களில் பலர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கெதன் என்று ஒரு பனிக்கோள். அங்கிருப்பவர்கள் மனித இனம்தான். எப்போதோ ஒரு பழைய நாகரிகம் செய்து பார்த்த சோதனையின் மிச்சமாக இருக்கலாம் என்று நாவல் சந்தேகிக்கிறது. 26 முதல் 28 நாள் வரை ஒரு சுழற்சி. அதில் முதல் 21, 22 நாளும் அவர்கள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மிச்ச நாட்களில் ‘கெமர்’ வருகிறது. பக்கத்தில் இருப்பவரின் உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இவருடையது சாயும். இந்த மாதம் ஆணாக இருந்தவர் அடுத்த மாதம் கருத்தரிக்கலாம். மூன்று பிள்ளை பெற்ற ஒருவர் வேறு இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருப்பார். கார்ஹைடு நாட்டின் அரசரே ஒரு கட்டத்தில் கர்ப்பமாக இருக்கிறார்.

இதுவரை உடம்பு. லெ குவின் நின்று விளையாடுவது இதற்குப் பிறகு. கெதனில் வம்சம் பெற்றவர் வழியில் கணக்காகிறது. கெமர் நாட்களில் யாரையும் வேலைக்கு வரச்சொல்ல முடியாது. மந்திரிக்கும் விடுப்பு, மூட்டை தூக்குபவருக்கும் விடுப்பு. கெமர் இல்லத்தின் கதவு எவ்வளவு ஏழைக்கும் திறந்திருக்கும். பிள்ளை பெறும் சுமை எல்லாருக்கும் வரக்கூடியது என்பதால், ‘இவள் கல்யாணமாகிப் போகிறவள்’ என்று யாரையும் ஒதுக்கிவைக்க வழியில்லை. பூமியிலிருந்து தூதராக வந்திருக்கும் கென்லி ஐ மாதம் முழுக்க ஆணாகவே இருப்பதால் அந்த ஊர்க்காரர்கள் பார்வையில் ஒரு விகாரப் பிறவி. அரசர் முகம் சுளிக்கிறார். நாவலின் சாமர்த்தியம் இது: வாசகர் தன்னைப் போன்றவன் என்று நம்பிப் பின்தொடரும் ஆள்தான் அந்த உலகத்தில் எங்கும் சேராதவன்.

அவனுக்குத் துணை எஸ்ட்ராவன். பிரதம மந்திரியாக இருந்து, ஒரே நாளில் துரோகி என்று முத்திரை குத்தப்பட்டு, நாட்டை விட்டு வெளியேற மூன்று நாள் கெடு வாங்கியவர். இருவரும் ஏறக்குறைய 80 நாள் பனிப்பாளத்தின் மேல் வண்டி இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். ராத்திரி கூடாரத்துக்குள் எஸ்ட்ராவன் கேட்கிறார், உங்கள் ஊரில் பெண்கள் எப்படி இருப்பார்கள், வேறு இனம் மாதிரியா? கென்லிக்குப் பதில் வரவில்லை. எதையோ சொல்லத் தொடங்குகிறான், விழுங்குகிறான். கடைசியில், உங்களைவிட அவர்கள்தான் எனக்கு அந்நியம் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி முடிக்கிறான். அந்தக் கூடாரத்திலேயே எஸ்ட்ராவனுக்குக் கெமர் வருகிறது. பக்கத்தில் இருப்பவன் நிரந்தர ஆண், ஆகவே எஸ்ட்ராவன் பெண்ணாகிறார். இருவரும் அதைப் பேசி, தொடாமல் இருந்துவிடுகிறார்கள். பிறகு கென்லி அவருக்கு மனத்தால் பேசக் கற்றுக்கொடுக்கும்போது, எஸ்ட்ராவன் காதில் விழும் குரல் செத்துப்போன அண்ணன் ஆரெக்கின் குரலாக இருக்கிறது. காதல், உறவு, சாவு மூன்றையும் ஒரே கூடாரத்தில் இப்படி அடைத்து வைத்தவர்கள் அறிவியல் புனைவில் அதிகம் இல்லை.

அந்த ஆரெக் அண்ணன் மட்டுமில்லை. கெதனில் உடன்பிறந்தவர்கள் சேரலாம். ஆயுளுக்கும் சேர்ந்து வாழ்வதாகச் சத்தியம் மட்டும் செய்யக்கூடாது. இவர்கள் அந்தச் சத்தியத்தைச் செய்தார்கள். நாவலின் முடிவில் கென்லி எஸ்ட்ராவனின் வீட்டுக்குப் போகும்போது கிழவர் ஒரு இளம்பிள்ளையைக் காட்டி, தன் இரண்டு மகன்களுக்கும் பிறந்த பேரன் என்று அறிமுகப்படுத்துகிறார். இப்போது நம்மூர்க் காதுகுத்து ஒன்றை நினைத்துப் பாருங்கள். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இந்தப் பிள்ளைக்குத் தாயின் உடன்பிறப்பே தகப்பனும்கூட. சீர் வரிசைத் தட்டை யார் தூக்கி வருவது, யார் வாங்கிக்கொள்வது? சிரிப்பதற்காக மட்டும் கேட்கவில்லை. இதற்கு ஒரு விடை யோசிக்கும்போதுதான் உங்கள் கோள் உண்மையாகிறது.

லெ குவினும் முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம், கெதன்வாசிகள் அத்தனை பேரும் ஆண்களாகவே தெரிகிறார்கள் என்று குறைப்பட்டார். பெண்ணியர்களும் அதையே சொன்னார்கள். எல்லாரையும் ‘அவன்’ என்றே லெ குவின் எழுதியிருந்தார் அல்லவா. 1976ல் ஒரு கட்டுரையில் லெ குவின் அதற்கு நியாயம் சொன்னார். 1987ல் அதே கட்டுரையை எடுத்து, பழைய வரிகளை அழிக்காமல் பக்கத்திலேயே மறுப்பையும் எழுதிச் சேர்த்தார். நியாயம் சொன்னது தப்பு, கெதனில் காதல் ஆண் பெண் ஜோடிக்குள் மட்டும் நடக்கும் என்று வைத்ததும் தப்பு என்றார். எழுத்தாளர்கள் பழைய கட்டுரையைத் தொகுப்பிலிருந்து சத்தமில்லாமல் கழற்றிவிடுவதுதான் வழக்கம். இவர் இரண்டையும் ஒன்றாக அச்சிட்டார்.

ஆனால் அந்தக் கட்டுரையில் இன்னொரு ஒப்புதலும் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் முக்கியம். எஸ்ட்ராவன் நாவலில் அரசியல் செய்கிறார், சதி செய்கிறார், சிறையிலிருந்து ஆளை மீட்கிறார், பனிவண்டி இழுக்கிறார். எல்லாம் நாம் ஆண் வேலை என்று பழகிய வேலைகள். அவரைப் பிள்ளைகளோடு, தாயாக, ஒரு தடவைகூடக் காட்டவில்லை. வீட்டைக் காட்டாததால் ஆணாகத் தெரிகிறார். அசிமோவுக்கு நேர்ந்ததன் மறுபக்கம் இது. அவர் பழைய வீட்டைக் கொண்டுவந்தார், இவர் வீட்டையே விட்டுவிட்டார்.

அந்தக் கடனை அடைக்க லெ குவினுக்கு 26 வருடம் ஆயிற்று. 1995ல் வந்த ‘கமிங் ஆஃப் ஏஜ் இன் கார்ஹைடு’ சிறுகதையில் தூதனும் இல்லை, அரசனும் இல்லை. ரெர் நகரத்தில் பழைய பெரிய வீடு ஒன்று. தாயின் உடன்பிறப்புகள், அவர்களுடைய பிள்ளைகள், தாத்தா பாட்டி என்று பிரிக்க முடியாத மூத்தவர்கள். அதில் ஒரு பிள்ளை முதல் கெமரை எதிர்பார்த்துப் பயந்து நடுங்குகிறது. இடுப்பு வலிக்கிறது, எரிச்சல் வருகிறது, யாரைப் பார்த்தாலும் கோபம். வீட்டார் கிண்டலும் செய்கிறார்கள், தேற்றவும் செய்கிறார்கள். நாவலின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கதை. கெதன் எப்படிப்பட்ட ஊர் என்பது இதைப் படித்த பிறகுதான் புரிகிறது.

லெ குவினுக்கு இந்த உறவுமுறைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சுற்றிச் சுற்றி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அவருடைய அப்பா ஆல்ஃபிரெட் குரோபர், பெர்க்லியில் இருந்த மானிடவியலாளர். 1909ல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, உறவுமுறைகளை எப்படி வகைப்படுத்துவது என்பது பற்றியது. அது லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற முன்னோடியை எதிர்த்து எழுதப்பட்டது. அந்த மார்கன் 1871ல் போட்ட பெரிய புத்தகத்தில் உலகம் முழுக்க இருந்து திரட்டிய உறவுமுறை அட்டவணைகள் இருக்கின்றன. அவரை அதிகம் அசத்தியவற்றில் ஒன்று தமிழ் அட்டவணை. சித்தப்பா பிள்ளைகள் அண்ணன் தம்பி, அத்தை பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை என்கிற நம் கணக்கு, அமெரிக்கப் பழங்குடியான செனிக்கா மக்களின் கணக்கோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போவதை அவர் கண்டார். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கே அதை ஆதாரமாகத் தூக்கிப் பிடித்தார். ஆதாரம் நிற்கவில்லை. ஆனால் ‘திராவிட உறவுமுறை’ என்ற பெயர் மானிடவியலில் நின்றுவிட்டது. லெ குவின் தமிழ் அட்டவணையைப் பார்த்து எழுதினார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவர் வளர்ந்த வீட்டில் மாமன் மகள், அத்தை மகன் என்பதெல்லாம் படிப்பு சமாச்சாரம், அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியோடு அவருடைய ‘ஓ’ என்ற கோளுக்குப் போய் வாருங்கள். தொண்ணூறுகளில் எழுதிய சில கதைகள். ஓ கோளில் எல்லாரும் பிறப்பால் இரண்டு பகுதியில் ஒன்று: காலைப் பகுதி, மாலைப் பகுதி. தாய் வழியில் வருவது. ஒரே பகுதிக்காரர்கள் சேரக்கூடாது, அது மகா பாவம். திருமணம் நால்வருக்கு: ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு ஆண், ஒரு பெண். ஆக ஒருவருக்கு அந்த வீட்டில் எதிர்ப்பால் துணை ஒன்று, தன் பாலிலேயே துணை ஒன்று, தொடவே கூடாத ஆள் ஒன்று. அமெரிக்க வாசகர்களுக்கு இது தலை சுற்றும் என்று தெரிந்து, 1996ல் வந்த ‘மவுண்டன் வேஸ்’ கதையின் தலையிலேயே ஒரு விளக்கக் குறிப்பைப் போட்டார் லெ குவின். தமிழ் வாசகருக்கு அந்தக் குறிப்பில் பாதி தேவைப்படாது. ‘ரெண்டு பேரும் பங்காளி முறை, கட்டக்கூடாது’ என்று ஒரு கிழவி சொல்லி முடிக்கிற விஷயம்.

‘மவுண்டன் வேஸ்’ மலைப்பண்ணையில் நடக்கிறது. அங்கே ஆள் குறைவு, நாலு பேர் முறையாக அமைவது குதிரைக்கொம்பு. ஒன்றாக வாழ நினைக்கும் இரண்டு பெண்கள், ஒருத்திக்கு ஆண் வேடம் போட்டு நால்வர் கணக்கை ஒப்பேற்றுகிறார்கள். கவனியுங்கள், அந்த ஊரில் பெண்ணும் பெண்ணும் காதலிப்பது குற்றமே இல்லை. திருமணத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. குற்றம் என்பது கணக்கு தப்புவது. நமக்கு எது பாவமோ அது அவர்களுக்குச் சாதாரணம், நமக்குச் சாதாரணம் அவர்களுக்கு விலக்கு. ஆனால் விலக்கை மீறுகிறவர்களின் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. வேற்றுக்கோள் கதை இதைத்தான் செய்ய வேண்டும். முறைமாமன், கொண்டு கொடுத்தல், பங்காளித் தீட்டு, சம்பந்தி சண்டை எல்லாம் கையருகே இருக்க, இவ்வளவு நாளும் நீங்கள் டம்ளரோடு வரும் அம்மாவோடும் பேப்பர் படிக்கும் அப்பாவோடும் நிறுத்திக்கொண்டிருப்பது ஏன் என்று இம்மடலுக்குப் புரியவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரச் சரக்கு, நமக்கெதற்கு என்று முனகுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆண்களை வீட்டுக்குள் பூட்டிவைத்து, பெண்கள் சூரிய வெப்பத்தால் படையெடுப்பை முறியடித்து, பறக்கும் வண்டியில் போகிற ஒரு நாட்டை 1905லேயே எழுதியவர் வங்கத்து ரொக்கையா. ‘சுல்தானாஸ் ட்ரீம்’ என்ற அந்தக் கதை முதலில் அச்சேறியது கல்கத்தாவிலோ லண்டனிலோ இல்லை. மெட்ராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ பத்திரிகையில்.

சேர்வது என்பதற்கு மறுபக்கமும் உண்டு: விட்டுப் போவது. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் 1973ல் எழுதிய ‘தி விமன் மென் டோன்ட் சீ’ கதையில் ஒரு குட்டி விமானம் மெக்ஸிகோவின் யுக்கத்தான் கரையில் சதுப்புநிலக் காட்டில் விழுகிறது. பயணிகளில் ஒரு தாயும் மகளும். கதை சொல்கிற ஆண், அந்தப் பெண்களை உள்ளபடி ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. காப்பாற்ற வேண்டியவர்கள் என்று நினைக்கிறான், கொஞ்சம் அசடு வழிகிறான். வேற்றுக்கோள்வாசிகள் வந்து நிற்கும்போது அவன் துப்பாக்கியைத் தூக்குகிறான். அந்தப் பெண்களோ, எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். முன்பின் தெரியாத அந்நியர்களோடு. அவர்களுக்கு இந்த ஊரே அந்நியமாகத்தான் இருந்திருக்கிறது என்பது அவனுக்குக் கடைசிவரை உறைப்பதில்லை.

இதை எழுதிய டிப்ட்ரீயை யாரும் நேரில் பார்த்ததில்லை. இந்த எழுத்து சந்தேகத்துக்கிடமில்லாமல் ஆணுடையது என்று 1975ல் முன்னுரையே எழுதினார் ராபர்ட் சில்வர்பெர்க். இரண்டு வருடத்தில் குட்டு உடைந்தது. டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி. சில்வர்பெர்க் நல்ல மனுஷர், தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்றார். பிறகு 1991ல் பாட் மர்ஃபி, கேரன் ஜாய் ஃபௌலர் என்ற இரண்டு எழுத்தாளர்கள், பாலினத்தைப் புதிதாக யோசிக்கும் அறிவியல் புனைவுக்காக டிப்ட்ரீ பெயரில் ஒரு விருதைத் தொடங்கினார்கள். கேக்கும் பிஸ்கட்டும் சுட்டு விற்றுப் பணம் திரட்டினார்கள். ‘மவுண்டன் வேஸ்’ அந்த விருதைப் பெற்ற கதைதான். ஆனால் 1987ல் ஷெல்டன், பார்வை மங்கிப் படுக்கையில் இருந்த கணவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவர். அது இருவரும் பேசி வைத்த முடிவா, கொலையா என்ற கேள்வி பின்னாளில் பலமாக எழுந்தது. உடல் குறைபாடு உள்ள எழுத்தாளர்கள், வாசகர்கள் இந்தப் பெயரின் கீழ் எப்படி வந்து நிற்பார்கள்? 2019ல் விருதுக்கு ‘அதர்வைஸ்’ என்று பெயர் மாறியது. வரவேற்பதற்காகக் கட்டிய வீட்டின் பெயர்ப்பலகையே சிலரை வாசலில் நிறுத்திவிட்டது, கதைக்கு வெளியே.

ஆக்டேவியா பட்லரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பினப் பெண், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தவர். 1984ல் வந்த ‘பிளட்சைல்ட்’ சிறுகதைக்கு ஹ்யூகோவும் நெபுலாவும் கிடைத்தன. பூமியிலிருந்து தப்பி வந்த மனிதர்கள் ட்லிக் என்ற பூச்சி போன்ற பேரினத்தின் கோளில் அடைக்கலமாக இருக்கிறார்கள். ட்லிக்குகளின் முட்டை மனித உடலுக்குள் வளர வேண்டும். பெரும்பாலும் ஆண்களுடைய உடலில், ஏனென்றால் பெண்கள் மனிதப் பிள்ளைகளைப் பெற வேண்டியிருக்கிறது. கான் என்ற சிறுவனின் வீட்டுக்கு நெருக்கமானவள் டிகடோய், அந்தக் குடியிருப்பையே ஆளும் அதிகாரி. அவள் ஒரு காலத்தில் கானின் அப்பா உடம்பிலிருந்து எடுக்கப்பட்டவள். நம் கணக்கில் தகப்பன் வயிற்றில் பிறந்த அக்கா. அந்த அக்கா இப்போது தம்பியின் வயிற்றைக் கேட்கிறாள்.

அதே ராத்திரி வேறொரு ஆணின் வயிற்றைக் கிழித்துப் புழுக்களை எடுப்பதைக் கான் பார்த்துவிடுகிறான். தடை செய்யப்பட்ட துப்பாக்கி ஒன்று வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறது. அதைத் தன் தாடைக்குக் கீழே வைத்துக்கொள்கிறான். கடைசியில், தான் மறுத்தால் டிகடோய் தன் கூடப்பிறந்த அக்காவிடம் போவாள் என்று தெரிந்து சம்மதிக்கிறான். ஆனால் ஒரு நிபந்தனை: துப்பாக்கி வீட்டிலேயே இருக்கும். நம்மை உறவு என்கிறாய், கூட்டாளி என்கிறாய், அப்படியானால் ஆபத்தையும் ஏற்றுக்கொள். டிகடோய் ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்கள் பலரும் இதை அடிமைக்கதை என்றார்கள். பட்லர் மறுத்தார். இது ஆண் கர்ப்பமாகும் கதை, அந்நிய ஊரில் குடியிருப்பவர் கொடுக்கிற வாடகை பற்றிய கதை, காதல் கதையும்கூட என்றார். ஒரு இளைஞன் பயந்து, அருவருத்து, பிறகு அன்பினால் பிள்ளை சுமக்கச் சம்மதிப்பதை இவ்வளவு சின்ன இடத்தில் எழுதிக் காட்டியவர் வேறு யாருமில்லை என்பது இம்மடலின் துணிபு. பெண்களுக்கு இந்தப் பேரம் புதிதா என்று எங்கேயும் அவர் கேட்கவில்லை. கேட்காததால்தான் உறைக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உண்மையில் இருக்கும் மனிதர்களை வேற்றுக்கோளுக்கு நாடு கடத்தாதீர்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ 1992ல் ‘தி அவுட்காஸ்ட்’ என்று ஒரு அத்தியாயம் ஒளிபரப்பியது. பாலே இல்லாத ஒரு சமூகத்தில், தன்னைப் பெண்ணாக உணரும் ஒருவரைப் பிடித்து ‘சிகிச்சை’ செய்து மாற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு ஒருபால் காதலர்களுக்கு நடந்துகொண்டிருந்ததைத்தான் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். ஆனால் அந்த வேடத்துக்கு ஒரு நடிகையைப் போட்டு, கப்பல் அதிகாரி ரைக்கருக்கு ஜோடியாக்கினார்கள். ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸே, அந்த வேடத்தில் ஒரு ஆண் நடித்திருக்க வேண்டும் என்று பிறகு அலுத்துக்கொண்டார். நல்ல எண்ணம், கோழைத்தனமான கை.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் கூட. திருநங்கையரை மனதில் வைத்துக்கொண்டு ‘மூன்றாம் பால் கோள்’ என்று எழுதிவிடுவது சுலபம். அவர்கள் இங்கே, இதே பேருந்தில் இருக்கிறார்கள். 2008ல் தமிழ்நாட்டில் அவர்களுக்கென நல வாரியம் வந்தது, 2014ல் உச்ச நீதிமன்றம் தங்கள் பாலினத்தைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. பெற்ற வீடு துரத்திய பிறகு, மூத்தவர் ஒருவர் மகளாக ஏற்று, அந்த வழியில் பாட்டி, சித்தி, அக்கா என்று ஒரு குடும்ப மரத்தையே கட்டிக்கொள்ளும் ஜமாத் முறை. அதன் அணைப்பையும், அதன் கெடுபிடிகளையும் ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். ரத்தம் இல்லாமல் உறவு எப்படி உண்டாகிறது, அதற்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ள அந்தப் புத்தகங்களைப் படியுங்கள். படித்துவிட்டு, அவர்களைப் பச்சைத்தோல் போர்த்தித் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

எழுத உட்காரும்போது வினைமுற்று காலை வாரும் என்பதும் தெரிந்ததுதான். ஆன் லெக்கியின் ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ நாவலில் ராட்ச் பேரரசுக்காரர்கள் தாடிக்காரத் தளபதியிலிருந்து எல்லாரையும் பெண்பாலிலேயே சொல்வார்கள். அதைத் தமிழில் செய்தால், வந்தாள், சுட்டாள், செத்தாள் என்று ஒவ்வொரு வாக்கியமும் வாலை ஆட்டிக் காட்டிக்கொடுக்கும். தாராளமாகச் செய்து பாருங்கள், ஆங்கிலத்தைவிட இங்கே அடி பலமாக விழும். எல்லாருக்கும் ‘அவர்’ போட்டுத் தப்பிப்பதும் வழிதான். ஆனால் கைக்குழந்தையும் பிக்பாக்கெட்டும்கூட மரியாதையோடு நடமாடும் ஊராகிவிடும் அது. வேண்டுமானால் அதையே அந்த ஊரின் வழக்கமாக்குங்கள்.

கடைசியாக, யாராவது எடுத்து எழுதினால் போதும் என்று ஒரு கதைக்கரு. பட்லரின் ‘சீனோஜெனிசிஸ்’ மூன்று நாவல்களில் ஓஅன்காலி என்ற இனம் வருகிறது. அவர்களில் ஆண், பெண், இரண்டுமல்லாத ஊலாய் என்று மூன்று பால். மனிதர்களோடு கலந்து அவர்கள் பெறும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஐந்து பேர்: மனிதரில் இருவர், ஓஅன்காலியில் இருவர், ஊலாய் ஒருவர். வளர்ந்து உருமாறும்வரை அந்தப் பிள்ளைகள் ஆணா பெண்ணா என்பதும் முடிவாகாது. அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று, பெற்றவரில் ஒருவர் இறந்துபோக, தாசில்தார் அலுவலகத்துக்கு வாரிசு சான்றிதழ் கேட்டு வருகிறது. இ-சேவை மையத்தில் படிவத்தில் தாய் என்று ஒரு கட்டம், தந்தை என்று ஒரு கட்டம். பாலினம் கேட்டால் ‘இன்னும் இரண்டு வருடத்தில் தெரியும்’ என்கிறது பிள்ளை. விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வருகிறார். மிச்சம் நாலு பெற்றோரும் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மகளிர் உரிமைத்தொகை இந்த வீட்டில் யார் பெயருக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். அவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். போடுவாரா?

20 பக்கத்துக்குள் எழுதுங்கள். விண்கலம் வேண்டாம்.